கணக்குக் கேட்பது யார்? - ஹோமி பாபாவின் கதை



போடியிலிருந்து தேவாரம் வழியாகக் கம்பம் போகிற பஸ்ஸில் ஏறி, மேற்குப் பக்கம் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை பெரிய சுவர் மாதிரி கூடவே வரும். அந்தச் சுவரின் அடியில் பொட்டிப்புரம் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி நிற்பது அம்பரப்பர் மலை.

சில வருடங்களுக்கு முன்பு இந்த மலையின் பெயர் அடிக்கடி செய்தித்தாள்களில் வந்தது. மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, உள்ளே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டம் போட்டார்கள். 2015-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. நம் பள்ளத்தாக்கில் டீக்கடை, சந்தை, பஸ் நிலையம் என்று எங்கும் அதே பேச்சு. பாறைக்கு வெடி வைத்தால் அணைகளுக்கு என்ன ஆகும்? நிலத்தடி நீர் என்ன ஆகும்? ஆய்வுக்கூடம் என்று சொல்லிவிட்டு அணுக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுவார்களோ?

அப்போது நான் வேலையில் இருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, மலைக்கு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வெளியில் இருந்து யார் போய்ப் பார்ப்பார்கள் என்று கேட்டாள். விஞ்ஞானிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை. அவள் கேட்டது விஞ்ஞானிகளைப் பார்ப்பது யார் என்பதைத்தானே?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது ஒருவருடைய வாழ்க்கைக்குள் போய் நின்றேன். நியூட்ரினோ திட்டத்தை முன்னின்று நடத்திய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். பாடப் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

மும்பையில் வசதியான பார்சி குடும்பம் ஒன்றில் 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ம் தேதி பாபா பிறந்தார். அப்பா வக்கீல். வீட்டில் நிறையப் புத்தகங்கள், இசைத் தட்டுகள். சின்ன வயதிலேயே படம் வரைவதில் கெட்டிக்காரர். டாடா குடும்பம் அவர்களுக்கு உறவு. பையன் இங்கிலாந்து போய் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை.

1927-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் போனார். போன இடத்தில் மனம் இயற்பியல் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அப்பா ஒரு நிபந்தனை போட்டார். முதலில் இன்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு வாங்கு, பிறகு உன் இஷ்டம் என்றார். பாபா சண்டை போடவில்லை. 1930-ம் ஆண்டு முதல் வகுப்பில் தேறிவிட்டு, அதன் பிறகு கணிதமும் இயற்பியலும் படித்தார். (வீட்டில் இதே வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் கவனிக்கவும்!)

வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் இரவும் பகலும் நம் மேல் பொழிந்துகொண்டே இருக்கின்றன. ஒரு துகள் காற்று மண்டலத்தில் மோதும். அதிலிருந்து இரண்டு மூன்று துகள்கள் கிளம்பும். அவை மறுபடி மோதும். இப்படிப் பெருகிப் பெருகி, சுருளி அருவி சிதறுவது போலத் துகள் மழையாகக் கீழே இறங்கும். இது எப்படி நடக்கிறது என்பதை 1937-ம் ஆண்டு பாபாவும் ஹைட்லர் என்ற விஞ்ஞானியும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். (இவர் வால்டர் ஹைட்லர். ஜெர்மனியை ஆண்ட ஹிட்லர் இல்லை. அந்த ஹிட்லரின் ஆட்சி வந்ததால் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் இவர்.)

அம்பரப்பர் மலையைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தத் துகள் மழைதான் காரணம். நியூட்ரினோ மிக மிக மெல்லிய சுபாவம் உள்ள துகள். எதனோடும் சட்டென்று மோதாது. மழை இரைச்சலில் கொசு ரீங்காரத்தைக் கேட்க முடியுமா? முடியாது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை தலைக்கு மேலும் சுற்றிலும் இருந்தால், அந்த மழையில் பெரும் பகுதி நின்றுவிடும். நியூட்ரினோ மட்டும் பாறையைத் தாண்டி வரும். பாபாவின் நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து, கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965-ம் ஆண்டு இப்படித்தான் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள்.

1939-ம் ஆண்டு பாபா விடுமுறைக்காக இந்தியா வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக வழியில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சர் சி.வி. ராமன் இருந்த இடம் அது. இங்கேயே உயர்ந்த ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1944-ம் ஆண்டு மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினார். இன்னும் இருபது வருடத்தில் அணுவிலிருந்து மின்சாரம் எடுப்பார்கள், அன்று இந்தியா நிபுணர்களுக்காக வெளிநாட்டைத் தேடி அலையக் கூடாது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். 1945-ம் ஆண்டு ஜூன் மாதம் நிறுவனம் தொடங்கியது.

அந்த மாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே மாதம் கழித்து, ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ம் தேதி நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. ஹிரோஷிமாவில் மட்டும் அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்துபோனார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள் ஏராளம்.

அதுவரை அணு ஆராய்ச்சி என்றால் கரும்பலகையில் போடும் கணக்கு. இப்போது அதே கணக்கு ஊரை எரித்துவிட்டது. கேம்பிரிட்ஜில் பாபாவோடு பழகிய விஞ்ஞானிகள் பலர் போர்க்கால அணு வேலைகளில் இருந்தார்கள்.

சுதந்திரம் வந்தது. 1948-ம் ஆண்டு அணுசக்திச் சட்டம் வந்தது. அதன் மசோதா அரசியல் நிர்ணய சபைக்கு வந்தபோது, ஏன் இவ்வளவு ரகசியம் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். மின்சாரத்துக்கான ஆராய்ச்சியையும் ஆயுதத்துக்கான ஆராய்ச்சியையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்று பிரதமர் நேருவே சபையில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் சட்டம் நிறைவேறியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அணுசக்திக் கமிஷன் அமைந்தது. தலைவர் பாபா. உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் பட்நாகர். இன்னொருவர் நம் ஊருக்குப் பக்கத்துக்காரர்! வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து ஒளியை ஆராய்ந்தாரே, அவரேதான்.

1954-ம் ஆண்டு அணுசக்தித் துறை வந்தது. அதன் செயலாளரும் பாபாதான். கமிஷன் தலைவர், துறைச் செயலாளர், மும்பைக்கு அருகே டிராம்பேயில் இருந்த ஆராய்ச்சி மையத்தின் தலைவர், டாடா நிறுவனத்தின் தலைவர் என்று எல்லா நாற்காலியிலும் ஒரே ஆள். அவர் பதில் சொல்ல வேண்டியது பிரதமர் ஒருவருக்கு மட்டும்.

நம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். மடை திறக்க ஊரில் ஒரு ஆளை வைப்பார்கள். அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வயலும் அவருடையது, மடைச் சாவியும் அவரிடம், கணக்கு நோட்டும் அவர் வீட்டில் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

பாபா நல்லவர்தான். மிகவும் நல்லவர். டிராம்பேயில் கட்டடம் கட்ட மரத்தை வெட்ட விடமாட்டார். வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடச் சொல்வார். கதிர்வீச்சுப் பொருட்களைக் கையாளும்போது வேலையாட்களுக்கோ வெளி ஆட்களுக்கோ எந்தத் தீங்கும் வரக் கூடாது, மற்ற நிறுவனங்கள் பார்த்துக் கற்கும்படி அந்த வேலை நடக்க வேண்டும் என்று 1960-ம் ஆண்டு உத்தரவே போட்டார். ஆனால் அந்த உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பவர்களும் அவர் கீழேயே வேலை பார்த்தவர்கள்தான்.

1955-ம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவா நகரில் ஐக்கிய நாடுகள் சபை ஒரு பெரிய மாநாட்டைக் கூட்டியது. அணுவை நன்மைக்குப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் பொருள். எதிரும் புதிருமாக இருந்த அமெரிக்க, ரஷ்ய விஞ்ஞானிகள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். மாநாட்டுத் தலைவராக நம் பாபா! அப்போது அவருக்கு வயது 45.

அடுத்த ஆண்டு நியூயார்க்கில் இன்னொரு கூட்டம். அணு உலைகளைக் கண்காணிக்க உலகத்துக்கு ஒரு பொது அமைப்பு வேண்டும், அதன் ஆட்கள் நாடு நாடாகப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டும் என்று பேச்சு நடந்தது. பாபா எழுந்து மறுத்துப் பேசினார். உதவி வாங்கும் ஏழை நாட்டின் உலையை மூலை முடுக்கெல்லாம் சோதிப்பீர்கள். ஏற்கெனவே குண்டு வைத்திருக்கும் பெரிய நாட்டை மட்டும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டீர்கள். இது என்ன நியாயம் என்பது அவர் வாதம்.

வாதம் சரியானதுதான். கிளாஸ் லீடர் பையை மட்டும் யாரும் சோதிக்கக் கூடாது என்றால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எல்லோர் பையையும் சோதியுங்கள் என்று கேட்கலாம். என் பையையும் சோதிக்காதே என்றும் கேட்கலாம். முதலாவதைச் சொல்லித் தொடங்கிய நாடுகள் பல, இரண்டாவதில் போய் நின்றன. நம் நாடும்தான். 1957-ம் ஆண்டு வியன்னா நகரில் சர்வதேச அணுசக்தி முகமை தொடங்கியது. அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவில் பாபாவும் இருந்தார்.

இந்த நேரத்தில்தான் கனடா நாடு இந்தியாவுக்கு ஓர் ஆராய்ச்சி உலை தர முன்வந்தது. அங்கே அணுத்துறையில் முக்கியமானவராக இருந்த லூயிஸ் என்பவர் பாபாவின் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். உலைக்கு வேண்டிய கனநீரை அமெரிக்கா தந்தது. உலையின் பெயர் சைரஸ். அமைதிப் பணிக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று 1956-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியா எழுதிக் கொடுத்தது. ஆனால் வெளியாட்கள் வந்து சோதிப்பார்கள் என்ற ஷரத்து அதில் இல்லை. தெரிந்தவர்களுக்குள் கைமாற்று கொடுக்கும்போது சாட்சியா வைக்கிறோம்? அப்படித்தான் இதுவும்.

1960-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி சைரஸ் இயங்கத் தொடங்கியது. அணு உலையை ஒரு விறகு அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். யுரேனியம்தான் விறகு. இந்த அடுப்பில் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய கதிரியக்கப் பொருட்களைத் தயாரிக்கலாம். சைரஸில் நிறையத் தயாரித்தார்கள். சமையல் முடிந்ததும் அடுப்பில் கரி மிஞ்சும் அல்லவா? இந்த அடுப்பில் மிஞ்சும் கரிக்குள் புளூட்டோனியம் இருக்கும். அதைப் பிரித்தெடுத்து மறுபடி மின்சாரத்துக்கு எரிக்கலாம். குண்டும் செய்யலாம். பொருளைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கையில் எடுப்பவரின் நோக்கம்தான் வித்தியாசம். 1964-ம் ஆண்டில் டிராம்பேயில் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையும் வந்துவிட்டது.

அந்த அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது. சீனாவோடு போர் முடிந்து இரண்டே வருடம். நாடே கலங்கிப்போனது. பாபா அகில இந்திய வானொலியில் பேசினார். உலக நாடுகள் ஆயுதங்களைக் குறைக்க வேண்டும் என்றார். அதே பேச்சில், அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டை எதிரி தொட யோசிப்பான் என்றும், குண்டு செய்வதற்கு அப்படியொன்றும் பெரிய செலவாகாது என்றும் கணக்குச் சொன்னார். ஒரு குண்டுக்குச் சில லட்சம் ரூபாய்! உலை கட்டிய செலவு, புளூட்டோனிய ஆலையின் செலவு எல்லாம் அந்தக் கணக்கில் சேரவில்லை என்று பலர் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் கணக்கு நோட்டு ரகசியச் சட்டத்துக்குள் இருந்தது. திறந்து பார்த்துச் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல வெளியில் ஒருவராலும் முடியவில்லை.

ஜெனீவாவில் தலைவராக இருந்த பாபாவும், வானொலியில் பேசிய பாபாவும் ஒரே மனிதர்தான். அவர் மனம் மாறிவிட்டாரா, பயந்த நாட்டுக்குத் தைரியம் சொன்னாரா? பெரிய பெரிய வரலாற்று ஆசிரியர்களே இன்றும் இதில் ஒத்துப்போவதில்லை.

1966-ம் ஆண்டு ஜனவரி 24-ம் தேதி. ஏர் இந்தியா விமானம் கஞ்சன்ஜங்கா, ஆல்ப்ஸ் மலையில் மோன்ட் பிளாங்க் சிகரத்தின் அருகே மோதி நொறுங்கியது. இருந்த 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் பாபாவும் ஒருவர். வயது 56. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் போய்க்கொண்டிருந்தது எங்கே தெரியுமா? வியன்னாவுக்கு. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் கூட்டத்துக்கு.

அடுத்த ஆண்டு டிராம்பே மையத்துக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் வைத்தார்கள்.

1974-ம் ஆண்டு மே 18-ம் தேதி ராஜஸ்தானில் பொக்ரான் பாலைவனத்தில் இந்தியா முதல் அணு வெடிப்பை நடத்தியது. சைரஸ் அடுப்பின் கரியிலிருந்து எடுத்த புளூட்டோனியம்தான் அதில் இருந்தது. இது அமைதிக்கான வெடிப்பு, வாக்கு மீறவில்லை என்று அரசு சொன்னது. கனடா அதை ஏற்கவில்லை. அணு உதவியை நிறுத்திவிட்டது. சோதனைக் குழுவை நடத்திய ராஜா ராமண்ணா, அது குண்டுதான் என்று 1997-ம் ஆண்டு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 23 வருடம் கழித்து!

நாட்டைக் காக்க அது தேவைப்பட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு வார்த்தைக்கு வேறு அர்த்தம் சொன்னது தப்பு என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் கேட்க வேண்டாம், சாதம் ஆறிப்போகும்!

பலன் என்ன ஆயிற்று? அணுப் பொருட்களை விற்கும் நாடுகள் கூட்டமாகச் சேர்ந்து விதிகளை இறுக்கின. ராஜஸ்தானில் கனடா பாதியில் விட்ட உலையை நம் ஆட்களே கட்டி முடித்தார்கள். நம் கல்பாக்கம் மின் நிலையத்தையும் வெளிநாட்டு உதவி இல்லாமலே கட்டினார்கள். அது பெருமைக்குரிய வேலைதான், மறுக்க முடியாது.

1983-ம் ஆண்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று பாதுகாப்பைக் கவனிக்க ஓர் அமைப்பு வந்தது. ஆனால் அது பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்திக் கமிஷனுக்கு. இது போதுமான சுதந்திரம் இல்லை என்று மத்திய தணிக்கைத் துறை 2012-ம் ஆண்டு அறிக்கையில் எழுதியது. மடைச் சாவியும் நோட்டும் ஞாபகம் இருக்கிறதா?

வியன்னாவின் ஆட்களுக்குக் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 2009-ம் ஆண்டு இந்தியா அவர்களோடு ஒரு புதிய ஒப்பந்தம் போட்டது. நம் தமிழ்நாட்டிலேயே அதன் இரண்டு பக்கங்களையும் பார்க்கலாம். கூடங்குளம் உலைகளை அவர்கள் வந்து சோதிக்கலாம். கல்பாக்கம் உலைகள் அந்தப் பட்டியலில் இல்லை. சைரஸ் அடுப்பை 2010-ம் ஆண்டு டிசம்பர் 31-ம் தேதி அணைத்துவிட்டார்கள்.

பொட்டிப்புரத்துக்கு வருவோம். நியூட்ரினோவால் யாருக்கும் தீங்கு இல்லை, இங்கே அணுக் கழிவும் வராது என்று விஞ்ஞானிகள் விளக்கம் சொன்னார்கள். இயற்பியல் படித்தால் அது உண்மை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் பாறை, தண்ணீர், புலிகள் நடமாடும் காடு பற்றிய கேள்விகள் நின்றுபோகவில்லை. ரகசியமாகவே வளர்ந்த ஒரு துறை வந்து என்னை நம்புங்கள் என்றால், ஜனங்கள் உடனே நம்பிவிடுவார்களா? வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் போய், உச்ச நீதிமன்றமும் போனது. 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு, இந்த இடத்தில் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் மனுவாகவே கொடுத்தது.

அன்று கேள்வி கேட்ட மாணவியைப் போன வருடம் மதுரை போகும் பஸ்ஸில் பார்த்தேன். ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறாளாம். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன பேட்ஜ் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அவள் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அதில் பதிவாகும். அந்த வகை பேட்ஜை நம் நாட்டில் உருவாக்கியது பாபா அணு ஆராய்ச்சி மையம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அளவைப் படித்துச் சொல்வது அவளும் இல்லை, அவளுடைய ஆஸ்பத்திரியும் இல்லை.